பாடுபட்ட திருமேனியும் காண்போர் நம்பிக்கையும்
ரைன் கரை ஓவியங்கள் இரண்டன் வரலாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

சமயக் கலைப்பொருள்களை ஆராய்வார்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. மரமும் கல்லும் வண்ணமும் அளந்தறியத் தக்கன; செய்தோர் காலமும் செய்வித்தோர் பெயரும் ஆவணங்களால் துணியத் தக்கன. ஆனால் அப்பொருளின்முன் நின்ற ஒருவர் உள்ளத்தில் நிகழ்ந்தது யாது என்பதனை அங்ஙனம் அளத்தல் இயலாது. அதனை விடுத்துச் சமயக் கலையின் வரலாற்றை எழுதுதலும் இயலாது. திருவுருவம் காண்பதற்கென்றே செய்யப்படுவது. காண்பார் இன்றேல் அது வெறும் மரமும் வண்ணமுமே.

இயேசு பெருமானின் உருவங்களைப் பொறுத்தவரை இவ்விடர்ப்பாடு மேலும் மிகுகின்றது. நற்செய்தி நூல்கள் நான்கும் அவர்தம் போதனையையும் பாடுகளையும் இறப்பையும் உயிர்த்தெழுதலையும் விரித்துரைக்கின்றன. அவர் நெடியரா குறியரா, அவர் முகம் எத்தகையது என்பன பற்றி ஒன்றும் கூறவில்லை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரித்துவம் பற்றிய பெருநூலை இயற்றிய அகுஸ்தினார் இதனை நன்குணர்ந்திருந்தார். ஆண்டவரின் முகத்தை ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் வெவ்வேறாகவே புனைந்து கொள்கின்றனர். அம்முகமோ, எவ்வாறிருந்ததாயினும், ஒன்றே. நம்மை மீட்பது அப்புனைவன்று என்பது அவர் கருத்து. எனவே இயேசுவின் உருவம் எதுவாயினும் அதில் காண்போர் கொண்டுவரும் பங்கு தொடக்கத்திலிருந்தே உள்ளது எனல் வேண்டும்.

அப்பங்கு எத்தகையது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி. கிறித்தவர் விசுவாசம் என வழங்குவதனையே ஈண்டு நம்பிக்கை என்கின்றோம். நம்பிக்கையுடையார் கண்ணும் ஐயமுடையார் கண்ணும் நம்பிக்கை இல்லார் கண்ணும் ஒரே ஓவியத்தில் காண்பன ஒன்றா, வேறா? வேறாயின், அவ்வேறுபாடு ஓவியத்தில் உள்ளதா, காண்போரிடத்து உள்ளதா? இவ்வினாக்களைப் பொதுப்பட ஆராயின் முடிவு காண்டல் அரிது. ஆகலின், ரைன் ஆற்றின் மேற்பகுதியில், பத்தாண்டு எல்லைக்குள், நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் தோன்றிய இரண்டு ஓவியங்களை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். ஒன்று இசன்ஹைம் மடத்துப் பலிபீட ஓவியம். மற்றொன்று பாசல் நகரில் உள்ள, கல்லறையில் கிடக்கும் கிறித்துவின் ஓவியம். இரண்டும் இயேசுவின் உயிர்நீத்த உடலையே காட்டுகின்றன.

ஆராய்ச்சிக்குத் துணையாகத் தமிழ் மரபிலிருந்து ஒரு பகுப்பினை மேற்கொள்ளலாம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட பேராசிரியர், சுவைக்கப்படும் பொருள், அதனை நுகர்ந்த பொறியுணர்வு, அதன்வழி உள்ளத்து எழும் குறிப்பு, அக்குறிப்பு உடலின்கண் வெளிப்படும் விறல் என நான்கினைப் பிரித்துக் காட்டுவர். இப்பகுப்பு செய்யுளையும் கூத்தையும் கருதியது. எனினும் ஓவியத்தைக் காண்பார்க்கும் பொருந்துவதே. நம் வினாவை இப்பகுப்பில் வைத்து உரைப்பின், சுவைப்பொருள் ஒன்றாகவும் பொறியுணர்வு ஏறத்தாழ ஒன்றாகவும் இருக்கக் குறிப்பும் விறலும் வேறுபடுவது எதனால் என்பதாகும்.

நோயாளர் கண்ட திருமேனி

அல்சாசு நாட்டில் கொல்மார் நகருக்குத் தெற்கே உள்ளது இசன்ஹைம். ஆங்கு அந்தோனியார் சபைத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. இவ்வந்தோனியார் பதுவைப் பதியினர் அல்லர்; எகிப்துப் பாலையில் தவஞ்செய்தவர்; தமிழகக் கத்தோலிக்கர் வனத்து அந்தோனியார் என வழங்குபவர். அவர் பெயரால் அமைந்த சபையார் ஒரு கொடிய நோய்க்கு மருத்துவம் செய்தலைத் தம் கடனாகக் கொண்டிருந்தனர். அந்நோயை மக்கள் அந்தோனியார் தீ என்றனர். ரை என்னும் கூலத்தின் கதிரில் பற்றும் ஒருவகைப் பூஞ்சணம் மாவோடு கலந்து அப்பமாக உண்ணப்படுவதே அதன் காரணம் என்பது பிற்காலத்தார் கண்டறிந்தது. நோயுற்றார் உடல் தீயிற் பட்டாற்போல் எரியும். கைகால்கள் கறுத்து அழுகும். பலர்க்கு உறுப்புகளை அறுத்து நீக்க நேரும். துறவிகள் நல்ல அப்பமும் களிம்பும் தந்தனர். அந்தோனியாரின் திருப்பண்டத்தின்மேல் ஊற்றியெடுத்த திராட்சை மதுவையும் பருகக் கொடுத்தனர்.

இம்மடத்துத் தலைவர் கீதோ குவர்சி என்பார் பலிபீடத்திற்கு ஓவியம் தீட்டுவித்தார். தீட்டியவர் மாத்திஸ் கோட்ஹார்ட் நிட்ஹார்ட். 17ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஒருவரது பிழையால் கிரூனவால்ட் என்னும் பெயரே நிலைத்துவிட்டது. பணி 1512க்கும் 1516க்கும் இடையில் நிகழ்ந்தது. பலிபீடம் மடக்குப் பலகைகளால் ஆயது. மூடிய நிலையில் சிலுவைக் காட்சி. முதன்முறை திறப்பின் கபிரியேல் தூதுரைத்தல், பிறப்பு, உயிர்த்தெழுதல். இரண்டாம் முறை திறப்பின் உள்ளிருக்கும் மரச்சிற்பங்களும் அந்தோனியார் வரலாறும் தோன்றும்.

மூடிய பலகையில் உள்ள திருமேனியே நாம் கருதுவது. தலை தொங்குகின்றது, உதடுகள் நீலம் பாய்ந்துள்ளன, விரல்கள் விறைத்து விரிந்துள்ளன, உடலின் எடையால் குறுக்குமரம் வளைகின்றது. தோல் பசுமை படர்ந்து, முட்கள் தைத்த புண்களால் நிறைந்துள்ளது. இடப்பக்கத்தே மரியன்னை வெள்ளாடை சூழ மயங்கிச் சாய, யோவான் தாங்குகின்றார். மகதலா மரியாள் மண்டியிட்டு அரற்றுகின்றாள். வலப்பக்கத்தே திருமுழுக்கு யோவான் திறந்த நூலொடு நின்று நீண்ட சுட்டுவிரலால் திருமேனியைக் காட்டுகின்றார். அவர் காலடியில் ஓர் ஆட்டுக்குட்டி. அதன் குருதி கிண்ணத்தில் வடிகின்றது. சிலுவைக் காட்சி நடந்த காலத்தில் திருமுழுக்கு யோவான் உயிரோடு இல்லை. ஓவியர் வரலாற்றை மறந்திலர். காண்போர்க்குச் சுட்டிக்காட்ட ஒருவர் வேண்டியே அவரைக் கொணர்ந்து நிறுத்தினார் என்க.

மெய்ப்பாட்டியல் பிணியை இளிவரலுக்கு நிலைக்களன் ஆக்கும்; கொடையைப் பெருமிதத்திற்கு நிலைக்களன் ஆக்கும். புண்பட்ட இவ்வுடல் புறத்தே காண்பார்க்கு இளிவரற் பொருளே. ஆனால் அந்தோனியார் மடத்தில் இதனைக் கண்டவர் யாவர்? தம் கையிலும் காலிலும் அதே நிறத்தையும் அதே புண்ணையும் உடையவர். தாம் பிறர்க்கு இளிவரல் ஆயினார் என்பதனை நாள்தோறும் உணர்ந்தவர். தம் நோயை ஆண்டவர் தம் மேனியில் ஏற்றார் என்னும் நம்பிக்கையோடு நோக்குவார்க்கு, இகழத்தக்க அவ்வுடலே தன்னைத் தந்த கொடையாகத் தோன்றும். பலகைகளைத் திறக்குங்கால் சிலுவையில் உள்ள உடலினின்று ஒரு கை பிரிந்தாற்போல் தோன்றுவதனையும் ஆய்வாளர் சுட்டுவர்; உறுப்பிழந்தார்க்கு அதன் பொருள் விளக்க வேண்டுவதன்று.

இங்கு ஒன்று கருதத்தக்கது. இசன்ஹைம் ஓவியத்திற்கு அடுத்த பலகை உண்டு. சிலுவைப் பலகையைத் திறந்தால் உயிர்த்தெழுந்தவர் ஒளிவட்டத்தில் எழுகின்றார், மேனி வெண்மையுற்றுள்ளது, ஐந்து திருக்காயங்கள் ஒழியப் புண் ஒன்றும் இல்லை. பலகை மூடியிருந்த நாள்களிலும் அது பின்னே இருப்பதனை நோயாளர் அறிவர். எனவே அவர்கள் கண்டது சாவு மட்டும் அன்று. சாவும் அதன் மறுபுறமும் ஆகும்.

அடுத்த பலகை இல்லாத ஓவியம்

இளைய ஹான்ஸ் ஹோல்பைன் பாசல் நகரில் 1521, 1522ஆம் ஆண்டுகளில் தீட்டிய ஓவியம் இதனின் வேறுபட்டது. அவர் தந்தை மூத்த ஹோல்பைன் தம் இறுதிக் காலத்தில் இசன்ஹைம் மடத்திற்குப் பணிசெய்தவர். ஆதலின் மகன் கிரூனவால்டின் ஓவியத்தைக் கண்டிருத்தல் கூடும் என்பர். உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டரும் நீளம் 2 மீட்டரும் உடைய பலகையில், ஒரு கற்குழியுள் கிடத்திய நிலையில் ஓர் உடல் மட்டுமே உள்ளது. மரியன்னை இல்லை, யோவான் இல்லை, சுட்டிக்காட்டும் விரல் இல்லை, ஒளிவட்டம் இல்லை. கண்கள் பாதி திறந்து மேல்நோக்கிச் செருகியுள்ளன, வாய் திறந்துள்ளது, முகமும் கையும் காலும் கறுத்துப் பசந்துள்ளன. விலாவிலும் கையிலும் காலிலும் உள்ள காயங்களும் நாசரேத்து இயேசு என்னும் தலைப்பும் இன்றேல் இவர் யார் என அறிதற்கு வேறு குறி இல்லை.

இவ்வோவியம் எதற்கெனச் செய்யப்பட்டது என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. பலிபீடத்தின் அடிப்பலகை என்பாரும், பெரிய வெள்ளியன்று வழிபாட்டில் வைக்கப்பெறும் திருக்கல்லறையின் பகுதி என்பாரும் உளர். இவற்றுள் எது உண்மையாயினும், தொடக்கத்தில் இதனைச் சூழ வழிபாடோ வேறு உருவங்களோ இருந்திருக்கும். பின்னர் அச்சூழல் நீங்கிற்று. பாசல் நகரத்துச் சட்ட அறிஞர் பசிலியுஸ் அமர்பாகு 1586இல் தம் தொகுப்புக்கு எழுதிய பட்டியலில் இதனை ஹோல்பைன் வரைந்த இறந்தவன் படம் எனக் குறித்து, அதன்பின் இயேசுவின் பெயர் தாங்கிய தலைப்பு அதற்கு உண்டு எனச் சேர்த்தார். பட்டியல் எழுதுவார் கண்ணுக்கு முதலில் பட்டது பிணம். பெயர் இரண்டாவதாகவே வந்தது. 1661இல் அத்தொகுப்பை நகரமும் பல்கலைக்கழகமும் விலைக்கு வாங்கின. அதுமுதல் ஓவியம் பொதுமக்கள் காணும் கலைப்பொருள் ஆயிற்று.

உடைத்தோரும் காத்தோரும்

இவ்விரு ஓவியங்களும் தோன்றியபின் நிகழ்ந்த ஒரு பெருநிகழ்ச்சி உண்டு. 1529ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 9ஆம் நாள் பாசல் மக்கள் பேராலயத்துள் புகுந்து திருவுருவங்களை உடைத்தனர்; மறுநாளாகிய சாம்பற் புதனன்று அவற்றை எரித்தனர். அந்நகரில் வாழ்ந்த எராஸ்மஸ் சில கிழமைகளில் பிரைபூர்க்குக் குடிபெயர்ந்தார். இத்தனை இழிவு நேர்ந்தும் அத்திருவுருவங்கள் ஓர் அற்புதமும் நிகழ்த்தாமை வியப்பே என அவர் நண்பர்க்கு எழுதியதில் எள்ளலும் வருத்தமும் கலந்திருக்கக் காண்கின்றோம்.

உடைத்தவரை நம்பிக்கை அற்றோர் எனக் கருதுதல் பிழை. படிமத்திற்குச் செல்லும் வணக்கம் இறைவனிடமிருந்து பறிக்கப்படுகின்றது என அவர்கள் உறுதியாக நம்பினர். நம்பிக்கை இல்லாதவர்க்கு மரப்படிமம் மரமே. அதனை எரிப்பதற்கு அவர்க்குக் காரணம் இல்லை. வணங்கியோரும் உடைத்தோரும் ஒன்றில் உடன்பட்டனர்: உருவம் வலியது என்பதே அது.

சீர்திருத்தம் தொடங்கிய மார்ட்டின் லூத்தரோ இதில் வேறுபட்டார். 1522இல் விட்டன்பர்க்கில் உருவங்களை அழிக்க முற்பட்டோரைத் தடுத்தார். 1525இல் எழுதிய மறுப்பு நூலில், கிறித்துவின் பாடுகளைக் கேட்குந்தோறும் சிலுவையில் தொங்கும் ஒருவர் உருவம், தாம் விரும்பினும் விரும்பாவிடினும், தம் நெஞ்சில் தோன்றுகின்றது என்றும், நெஞ்சில் இருப்பது பாவம் அன்றாயின் கண்முன் இருப்பது எங்ஙனம் பாவமாகும் என்றும் வினவினார். அகுஸ்தினார் உள்ளப் புனைவு எனக் கண்டதனையே லூத்தர் உருவத்திற்குச் சான்றாக்கினார். ஒரே நம்பிக்கையின் கிளைகளே உருவத்தை வணங்கவும் எரிக்கவும் பொறுத்துக்கொள்ளவும் செய்தன என்பது இதனால் பெறப்படும்.

ஒரு சான்றாளர் கூறிய இரு செய்திகள்

ஹோல்பைன் ஓவியத்தைக் கண்டு எழுதிய உருசியர்களுள் முற்பட்டவர் நிக்கொலாய் கரம்சீன். 1789இல் பாசல் வந்த அவர், சிலுவையினின்று இறக்கிய இக்கிறித்துவிடம் தெய்வத்தன்மை ஒன்றும் காணவில்லை. இறந்த மனிதன் என்ற அளவில் மிக இயல்பாகத் தீட்டப்பெற்றுள்ளது என எழுதினார். நீரில் மூழ்கி இறந்த ஒருவன் உடலை வைத்து வரைந்ததாக ஒரு செவிவழிச் செய்தியையும் குறித்தார். இவர் நோக்கு அமைதியானது, கலையை மதிப்பிடுவது. குறிப்பு எழுகின்றது, விறல் இல்லை.

கரம்சீனை இளமைதொட்டுக் கற்றவர் பியோதர் தாஸ்தாயெவ்ஸ்கி. 1867 ஆகத்துத் திங்களில் பாடன்பாடனிலிருந்து ஜெனீவா செல்லும் வழியில் அவரும் மனைவி அன்னாவும் பாசலில் ஒருநாள் தங்கி இவ்வோவியத்தைக் கண்டனர். இந்நிகழ்ச்சி பலராலும் எடுத்துரைக்கப்படுவது. ஆயினும் அதற்குரிய சான்றுகள் இரண்டு என்பதும், இரண்டும் அன்னா எழுதியனவே என்பதும், இரண்டும் ஒத்திரா என்பதும் போதிய அளவு கருதப்படவில்லை.

முதற்சான்று அன்னா அவ்வாண்டிலேயே சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பு. அது 1923இல் அச்சாயிற்று. அதன்படி ஓவியத்தைக் கண்டு அஞ்சியவர் அன்னாவே. உண்மையான பிணம்போல் தோன்றும் அதனோடு ஓர் அறையில் இருக்கவும் அவர் விரும்பவில்லை. கணவரோ அதனைப் பெரிதும் வியந்து மகிழ்ந்தார். அணுக்கமாகக் காணவேண்டி நாற்காலியின்மேல் ஏறி நின்றார். அதற்குத் தண்டம் கேட்பரோ என அன்னா அஞ்சினார்.

இரண்டாம் சான்று அன்னா தம் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகள். அவை 1925இல் வெளிவந்தன. அதன்படி அன்னா ஓவியத்தைக் காணப் பொறாது பிற அறைகளுக்குச் சென்று கால்மணி நேரம் கழித்து மீண்டார்; கணவர் ஆணியறைந்தாற்போல் அவ்விடத்தே நின்றிருந்தார். அவர் முகத்தில் காக்கைவலிப்பு நோய் தொடங்கும் கணத்தில் தோன்றும் அச்சக் குறி இருந்தது. கைப்பற்றி அழைத்துச் சென்று இருக்கையில் அமர்த்தினார். வலிப்பு வரவில்லை, ஆயினும் புறப்படுமுன் மீண்டும் ஒருமுறை காணவேண்டும் என அவர் வற்புறுத்தினார்.

முன்னதில் வியப்பு, பின்னதில் நடுக்கம். மெய்ப்பாட்டியல் வழக்கில் கூறின் முன்னது மருட்கை, பின்னது அச்சம். ஒன்று உண்மை, மற்றொன்று பொய் என முடிவு செய்தல் எளிது, ஆயின் பொருந்தாது. இரண்டு பதிவுகளுக்கும் இடையில் நாற்பதாண்டுக்கு மேற்பட்ட காலம் உள்ளது. அதனினும் பெரிதாக ஒரு நூல் உள்ளது. 1868இல் தொடராக வரத்தொடங்கிய 'அசடன்' புதினத்தில் இவ்வோவியம் பெற்ற இடத்தை அறிந்த பின்னரே அன்னா நினைவுக் குறிப்புகளை எழுதினார். கணவர் அன்று கண்டதனைப் பிற்காலத்தில் கணவரது நூல் வழியாகவே அவர் கண்டிருத்தல் கூடும். காண்போர் நம்பிக்கை ஓவியத்தைக் காணும் கண்ணை மட்டுமன்றி, கண்டதனை நினைவுகூரும் நெஞ்சையும் வகுக்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

தாஸ்தாயெவ்ஸ்கி எத்தகைய நம்பிக்கையோடு அவ்வறையில் நின்றார்? 1849 டிசம்பரில் சாவுத் தண்டனை பெற்றுக் கொலைக்களத்தில் நிறுத்தப்பட்டு, கடைசிக் கணத்தில் மீட்கப்பட்டவர் அவர். ஓம்ஸ்க் சிறையில் நான்காண்டு கழித்தார். ஆங்குப் புதிய ஏற்பாடு அவர் கைப்புத்தகமாய் இருந்தது. 1854இல், அந்நூலைத் தமக்குத் தந்தோருள் ஒருவரான பொன்வீசினா அம்மையார்க்கு எழுதிய மடலில், தாம் ஐயத்தின் பிள்ளை என்றும் சாகுமளவும் அங்ஙனமே இருத்தல் கூடும் என்றும், எனினும் உண்மை கிறித்துவுக்குப் புறத்தே உள்ளது என மெய்ப்பிக்கப்படினும் கிறித்துவோடு நிற்பதனையே விரும்புவதாகவும் கூறினார். மேலும் அவர் கண் உருசிய வைதிகத் திருச்சபையின் திருவுருவங்களில் பழகிய கண். அம்மரபில் இறந்த கிறித்துவும் மாட்சியோடே தோன்றுவார். அழுகல் அவரை அணுகாது. அத்தகைய கண்ணுக்கு ஹோல்பைன் காட்டிய உடல் பழகிய ஆறுதல் எதனையும் தரவில்லை. சாவின் அருகே நின்று மீண்டவர் அவர். ஐயத்தையும் நம்பிக்கையையும் ஒருங்கே சுமந்தவர். மாட்சியுடைய உருவத்தை எதிர்பார்த்தவர். இம்மூன்று நிலையினரும் ஒருவராய் நின்றே அவ்வோவியத்தைக் கண்டனர்.

புதினத்தில் மூவர் பார்வை

'அசடன்' புதினத்தில் ஹோல்பைன் ஓவியத்தின் படி ஒன்று ரகோழின் என்னும் வணிகன் வீட்டில் தொங்குகின்றது. அதனை மூவர் காண்கின்றனர். ரகோழின் அதனை அடிக்கடி நோக்க விரும்புகின்றான்; நம்பிக்கை தன்னிடமிருந்து கழன்று வருவதனை ஒப்புக்கொள்கின்றான். கோமகன் மீஷ்கின், இதனைக் கண்டு ஒருவன் நம்பிக்கை இழத்தலும் கூடும் என்கின்றான். எனினும் சமய உணர்வின் உள்ளியல்பு எந்த வாதத்துக்கும் எட்டாதது எனக் கூறி, அன்றே ரகோழினோடு சிலுவை மாற்றிக்கொள்கின்றான். மூன்றாமவன் இப்பொலித், காசநோயால் சாக இருக்கும் பதினெட்டு அகவையான். பிற ஓவியர் சிலுவையிலும் கிறித்துவின் முகத்தில் அழகை விட்டுவைப்பர். இதில் அழகு சிறிதும் இல்லை. இவ்வுடலைக் கண்ட சீடரும் மகளிரும் இவர் உயிர்த்தெழுவார் என எங்ஙனம் நம்பினர் என்பது அவன் வினா. இயற்கை உணர்ச்சியற்ற பெரும் பொறியாக நின்று விலைமதிப்பற்ற ஒருவரை விழுங்கிவிட்டதாக அவனுக்குத் தோன்றுகின்றது.

இப்பொலித்தையும் இசன்ஹைம் நோயாளரையும் ஒப்பிடல் வேண்டும். இருசாராரும் பிணியால் நைந்தவர், சாவை எதிர்நோக்கியவர், தம் உடல்போன்ற உடலையே ஓவியத்தில் கண்டவர். ஆயினும் அவர்க்குத் துணையாகத் தோன்றியது இவனுக்குத் தீர்ப்பாகத் தோன்றுகின்றது. வேறுபாடு நோயில் இல்லை. ஓவியரது திறத்திலும் இல்லை. நோயாளர்க்கு உயிர்த்தெழுதற் பலகை மரத்தால் ஆகிக் கீலில் தொங்கியது. மடத்து வழிபாடு அதனைத் திறந்து காட்டியது. இப்பொலித் அதனைத் தானே தன் உள்ளத்தினின்று கொணர வேண்டியிருந்தது; அவனிடம் அது இல்லை. எனினும் அவன் வினா நம்பிக்கைக்கு முற்றும் புறம்பானதன்று. அப்பிணத்தை விலைமதிப்பற்றவர் எனக் கருதுவோன் மட்டுமே அவ்வாறு வினவுவான். கரம்சீன் அதனை வினவவில்லை என்பது ஈண்டு நினையத்தக்கது.

ஓவியம் முந்த, நம்பிக்கை பின்வந்த வரலாறு

இதுகாறும் கண்டவை நம்பிக்கை முன்னும் காட்சி பின்னுமாக அமைந்தவை. இம்முறை மாறியதும் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் உய்ஸ்மான்ஸ் 1888இல் காசல் நகரில் கிரூனவால்ட் தீட்டிய மற்றொரு சிலுவைக் காட்சியைக் கண்டார். அவ்வோவியம் இன்று கார்ல்ஸ்ரூவில் உள்ளது. அக்காலத்தில் அவர் நம்பிக்கையாளர் அல்லர். இயற்பண்பு எழுத்தாளர் கூட்டத்தைச் சார்ந்திருந்தவர். 1891இல் வெளியிட்ட புதினத்தின் தொடக்கத்தில் அவ்வோவியத்தை விரிவாகப் புனைந்தார். அழுகும் உடலை அஞ்சாது காட்டியும் அதனூடே ஆன்மாவைக் காட்டிய கலை என அதனைப் போற்றினார். ஏழைகளின் கிறித்து இவரே என்பதும் அவர் கண்டது. மறு ஆண்டில் இக்னி மடத்தில் பாவமன்னிப்புப் பெற்றுக் கத்தோலிக்க நம்பிக்கைக்கு மீண்டார். 1905இல் இசன்ஹைம் ஓவியத்தைப் பற்றி எழுதியபோது அவர் நோக்கு அந்தோனியார் மடத்தின்மேலும் அதன் நோயாளர்மேலும் சென்றது. முன்னர்க் கலைநெறிக்குச் சான்றாகக் கண்டதனைப் பின்னர் வழிபாட்டுப் பொருளாகவும் மருத்துவமனைப் பொருளாகவும் கண்டார்.

ஓவியமே அவரை மனந்திருப்பியது எனக் கூறுதல் மிகை. ஆயினும், நம்பிக்கை இல்லாத கண்ணும் இவ்வோவியத்தில் தன் கலைக்கொள்கைக்கு அடங்காத ஒன்றனைக் கண்டுகொண்டது என்பதனை மறுத்தல் இயலாது. நம்பிக்கை கண்ணை வகுக்கும் என்பது உண்மை. கண்டது நம்பிக்கையை அசைக்கும் அல்லது தூண்டும் என்பதும் உண்மை. தாஸ்தாயெவ்ஸ்கி முன்னதன் எல்லையையும் உய்ஸ்மான்ஸ் பின்னதன் எல்லையையும் காட்டுகின்றனர்.

போர்க்காலமும் அதன் பின்னும்

பிரெஞ்சுப் புரட்சியில் இசன்ஹைம் மடம் கலைக்கப்பட்டபின் பலிபீடம் கொல்மாருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1853இல் திறக்கப்பெற்ற உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. மடக்குப் பலகைகள் தனித்தனியே பிரித்து வைக்கப்பட்டுள்ளமையால், இன்று ஒருவர் சிலுவைப் பலகையையும் உயிர்த்தெழுதற் பலகையையும் ஒரே நாளில் காணலாம். காத்திருத்தல் நீங்கிற்று.

முதல் உலகப் போரில், 1917இல், ஓவியம் பாதுகாப்புக்கென மியூனிக் நகருக்குச் சென்றது. 1918 இறுதியிலிருந்து 1919 செப்டம்பர் வரை ஆங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டபோது மக்கள் திரள்திரளாக வந்தனர். தோல்வியும் பசியும் உறுப்பிழப்பும் உற்ற மக்கள், நானூறு ஆண்டுக்கு முன்னர் நோயாளர் நின்ற இடத்தில் தாமும் நின்றனர். அப்போரில் பொருதவரான ஓட்டோ டிக்ஸ் 1929க்கும் 1932க்கும் இடையில் 'போர்' என்னும் பலகைத் தொகுதியைத் தீட்டினார். அதன் அமைப்பு இசன்ஹைம் பலிபீடத்தை நினைவூட்டும். அடிப்பலகையில் நெடுகக் கிடக்கும் படைவீரர் ஹோல்பைனின் கிறித்துவை நினைவூட்டுவர். ஆனால் அதில் உயிர்த்தெழுதற் பலகை இல்லை. இரு ஓவியங்களின் வடிவத்தையும் ஏற்று, அவற்றைத் தாங்கிய நம்பிக்கையை ஏலாத கண் ஒன்று இவ்வாறு படைத்தது.

இதற்கு மறுதலையாகக் கார்ல் பார்ட் என்னும் இறையியலார் நிற்கின்றார். பாசலில் பிறந்தவர், அந்நகரிலேயே 1935 முதல் 1962 வரை பேராசிரியராய் இருந்தவர், 1529இல் உருவங்களை உடைத்த சீர்திருத்த மரபைச் சேர்ந்தவர். வழிபாட்டிடத்தில் உருவங்களுக்கு இடமில்லை என்பதில் உறுதியானவர். ஆயினும் அவர் எழுதுமேசைக்கு மேலே நெடுங்காலம் தொங்கியது கிரூனவால்டின் சிலுவைக் காட்சியின் படியே. அவர் கண் திருமேனியினும் மிகுதியாகத் திருமுழுக்கு யோவானின் சுட்டுவிரலிலேயே தங்கியது. தான் மறைந்து மற்றொருவரைக் காட்டும் அவ்விரலே இறையியலின் கடமை என அவர் கொண்டார். உருவத்தை ஏற்காத நம்பிக்கை, உருவத்துள்ளேயே தனக்குரிய உறுப்பு ஒன்றனைக் கண்டுகொண்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, நம்பிக்கை ஓவியத்திற்கு மேற்பூச்சு அன்று. காட்சியின் ஒரு கூறாகும். பிணத்தின் உருவத்தை மீட்பரின் உருவமாக்குவது பலகையில் இல்லாத அடுத்த காட்சி. அதனைத் தருவது வழிபாடாதல், காண்போர் உள்ளமாதல் வேண்டும். இரண்டாவது, நம்பிக்கை என்பது உண்டு, இல்லை என்னும் இரண்டோடு அமைவதன்று. வணங்குவோர், உடைப்போர், பொறுப்போர், ஐயுறுவோர், சுட்டுவிரலை மட்டும் நோக்குவோர் என அது பல்வகைப்படும். ஒவ்வொன்றும் வெவ்வேறு குறிப்பையும் விறலையும் பிறப்பிக்கும். மூன்றாவது, காணப்பட்ட பொருள் செயலற்றதன்று. அது நம்பிக்கையைத் தாங்கவும் அசைக்கவும் எழுப்பவும் வல்லது.

இவை ஆராய்ச்சி முறைக்கும் உரியன. நடுநிலை என நாம் கருதும் அருங்காட்சியகக் கண்ணும் வரலாற்றில் தோன்றிய ஒரு கண்ணே. பட்டியலில் இறந்தவன் படம் என முதலில் எழுதிய கை அதற்கு முன்னோடி. அது பலவற்றைத் தெளிவாகக் காணும். அந்தோனியார் மடத்து நோயாளர் கண்டதனைத் தானாகக் காணாது. ஆதலின் ஆவணத்தின் காலத்தைக் குறிப்பதுபோல் அதனை எழுதியவரது நம்பிக்கையையும் குறித்தல் ஆராய்ச்சியாளர் கடன். தேவாரத்தைச் சைவர் அல்லாரும், தேம்பாவணியைக் கிறித்தவர் அல்லாரும், சீறாப்புராணத்தை இசுலாமியர் அல்லாரும் கற்றும் கற்பித்தும் வரும் நம் தமிழ்த்துறைகளில் இக்கடன் நாள்தோறும் நம்மை எதிர்கொள்கின்றது. பிறர் நம்பிக்கையைத் தமதாக்கிக் கொள்ளுமாறு எவரையும் ஆராய்ச்சி பணிப்பதில்லை. ஆனால் அந்நம்பிக்கையுடையார் கண்ட அடுத்த பலகை யாது எனக் கேட்டறியாமல், நம்முன் திறந்துள்ள பலகையை மட்டும் விளக்கி அமைவது ஆராய்ச்சி ஆகாது.